சாவிப் பதிவேட்டில் இடம்பெறாத சாவிகள்

பணியிடத்தில் ஒற்றை உள்நுழைவு முறையும் அதன் பாதுகாப்புப் பயன்களும்

வங்கிக் கிளைகளில் சாவிப் பதிவேடு என்று ஒன்று உண்டு. பணப்பெட்டக அறையின் சாவிகள் இரண்டு அலுவலர்களின் கூட்டுப் பொறுப்பில் இருக்கும். ஒருவர் மட்டும் முயன்றால் அறை திறவாது. அவர்களுள் ஒருவர் விடுப்பில் சென்றாலும், மாறுதல் பெற்றாலும், பணி ஓய்வு பெற்றாலும், சாவி யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பது தேதியோடும் நேரத்தோடும் கையொப்பத்தோடும் பதியப்படும். மாற்றுச் சாவி முத்திரையிட்ட உறையில் வேறோர் இடத்தில் ஒப்படைக்கப்படும். தலைமுறை தலைமுறையாக வங்கிகள் கைவிடாமல் காத்துவரும் ஒழுங்கு இது.

இன்றைய அலுவலகங்களில் இரும்புச் சாவியால் திறக்கும் கதவுகளைக் காட்டிலும் கடவுச்சொல்லால் திறக்கும் கதவுகளே மிகுதி. ஆயினும், அந்தக் கடவுச்சொற்களுக்குச் சாவிப் பதிவேடு பெரும்பாலும் இருப்பதில்லை. எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, வேலையை விட்டுச் சென்றவர் அதைத் திரும்பத் தந்தாரா என்ற வினாக்களுக்கு விடை கூற இயலாத நிறுவனங்கள் பல. இக்குறையைத் தீர்க்கும் வழிகளுள் முதன்மையானது 'சிங்கிள் சைன்-ஆன்' எனப்படும் ஒற்றை உள்நுழைவு முறை. பெரு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட இம்முறை, இன்று பத்துப் பேர் பணிபுரியும் அலுவலகத்திற்கும் எட்டும் நிலைக்கு வந்துவிட்டது. அதனால் விளையும் பாதுகாப்பையும், அதனோடு சேர்ந்து வரும் பொறுப்பையும் இக்கட்டுரையில் காண்போம்.

எல்லையோர நிறுவனம் ஒன்றின் நிலை

பாறசாலையில் ஒரு கடையும் களியக்காவிளையில் மற்றொரு கடையும் உடைய கட்டுமானப் பொருள் விற்பனை நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு கடைகளுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். எனினும் ஒன்று கேரளத்திலும் மற்றொன்று தமிழ்நாட்டிலும் இருப்பதால், 32 என்று தொடங்கும் ஜி.எஸ்.டி. எண்ணும் 33 என்று தொடங்கும் ஜி.எஸ்.டி. எண்ணும் தனித்தனியே வேண்டும். எண் இரண்டானால் உள்நுழைவும் இரண்டு. சரக்கு வண்டி எல்லையைக் கடக்க இ-வே பில் தளம், ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதிக்கு ஒரு தளம், ஈட்டுறுதிக்கு ஒரு தளம் ஆகியவை அரசு சார்ந்தவை. மின்னஞ்சல், கணக்கு மென்பொருள், இருப்புக் கணக்கு, சம்பளப் பட்டியல், கோப்புச் சேமிப்பு ஆகியவை நிறுவனத்திற்கே உரியவை. இவற்றோடு வங்கியின் இணையச் சேவையும் உண்டு.

அந்நிறுவனத்தில் 8 ஊழியர்கள் இருந்து, ஒவ்வொருவரும் 5 மென்பொருள்களைப் பயன்படுத்தினால் 40 கடவுச்சொற்கள் தேவைப்படும். நாற்பதையும் வெவ்வேறாக, வலுவாக, நினைவில் நிற்குமாறு அமைப்பது மனித இயல்புக்கு ஒவ்வாதது. ஆகவே நடப்பது என்ன? கடையின் பெயரோடு ஆண்டைச் சேர்த்து ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துவிடுகின்றனர். அல்லது ஒரு தாளில் எழுதி கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுகின்றனர். அல்லது, 'அண்ணே, அந்த பாஸ்வேர்டைக் கொஞ்சம் அனுப்புங்க' என்று கேட்டவுடன் வாட்ஸப்பில் அனுப்பிவிடுகின்றனர். ஊழியர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் மேல் சுமத்தப்பட்ட பாரம் அத்தகையது.

வஞ்சியூர் கருவூலம் தரும் பாடம்

இதன் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, வஞ்சியூர் கூடுதல் சார்நிலைக் கருவூலத்தில் 2020-ஆம் ஆண்டு நிகழ்ந்த மோசடி கேரளம் முழுவதும் பேசப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் பெயரில் இருந்த கருவூலக் கணக்கிலிருந்து 2 கோடி ரூபாய் வேறு கணக்குகளுக்கு மாற்றப்பட்டதாக வழக்குப் பதிவாயிற்று. அங்குப் பணிபுரிந்த ஊழியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்தப் பரிமாற்றத்திற்குப் பயன்பட்டதாகக் கூறப்பட்டது, அவ்வாண்டு மே மாதமே பணி ஓய்வு பெற்றுவிட்ட ஓர் அலுவலரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லுமாகும்.

ஓய்வு பெற்றவருக்கு வழியனுப்பு விழா நடந்திருக்கும். மேசையும் நாற்காலியும் வேறொருவருக்குச் சென்றிருக்கும். கணினிக்குள் மட்டும் அவர் இன்னும் பணியில் இருந்தார். இரும்புச் சாவியாக இருந்திருப்பின் அவர் ஒப்படைத்த நாளும் பெற்றவரின் கையொப்பமும் பதிவேட்டில் இருந்திருக்கும்.

இத்தகைய நிகழ்வு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் எரிபொருள் குழாய்த் தொடரைப் பல நாட்கள் நிறுத்த நேர்ந்தது. எரிபொருள் நிலையங்களில் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. ஊடுருவியவர்களுக்கு அந்நிறுவனம் ஏறத்தாழ 44 லட்சம் டாலர் பிணைத்தொகை கொடுத்தது. அவர்கள் நுழைந்த வழி, வெளியிலிருந்து அலுவலகக் கணினிகளை அணுகுவதற்கான ஒரு பழைய கணக்கு. அது பயன்பாட்டில் இல்லை. ஆனால் மூடப்படவும் இல்லை. ஒரு கடவுச்சொல்லைத் தவிர வேறு காவலும் அதற்கு இல்லை.

வஞ்சியூரில் இரண்டு கோடியும் அமெரிக்காவில் நாற்பத்து நான்கு லட்சம் டாலரும் சென்ற வழி ஒன்றே: பூட்டப்படாமல் விடப்பட்ட பழைய கதவு.

ஒற்றை உள்நுழைவு இயங்கும் விதம்

அரசு மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி முதலில் பதிவு முகப்பில் ஓ.பி. சீட்டுப் பெறுகிறார். பெயர், வயது முதலியன அங்கேயே பதியப்படுகின்றன. பின்னர் மருத்துவர் அறை, ஆய்வகம், எக்ஸ்ரே பிரிவு, மருந்தகம் என எங்குச் சென்றாலும் அந்தச் சீட்டே போதும். பதிவு முகப்பின் முத்திரையை எல்லாப் பிரிவுகளும் நம்புகின்றன. சீட்டுக்குக் காலவரம்பும் உண்டு.

ஒற்றை உள்நுழைவும் இவ்வாறே இயங்குகிறது. ஊழியர் காலையில் அடையாளச் சேவை என்னும் ஒரே வாசலில் தம் கடவுச்சொல்லையும் இரண்டாம் சான்றையும் அளிக்கிறார். அச்சேவை அவருக்கு மின்கையொப்பமிட்ட, காலவரம்புடைய ஒரு சீட்டைத் தருகிறது. மின்னஞ்சலும் கணக்கு மென்பொருளும் கோப்புச் சேமிப்பும் அந்தச் சீட்டைச் சரிபார்த்து அவரை உள்ளே விடுகின்றன. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஊழியரின் கடவுச்சொல் அடையாளச் சேவையைத் தாண்டி வேறெங்கும் செல்வதில்லை. எந்த மென்பொருள் நிறுவனமும் அதைத் தன்னிடம் சேமிப்பதில்லை.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1980-களில் நடந்த அதீனா திட்டத்தில் உருவான 'கெர்பரோஸ்' முறை, இவ்வாறு சீட்டு வழங்கும் வழியைப் பரவலாக்கியது. இணையத்துக்கு ஏற்ற பொது நெறிமுறைகள் பின்னர் வந்தன. நம் நாட்டிலும் மத்திய அரசு 2022 ஜூலை 4 அன்று 'மேரி பெஹ்சான்' என்னும் தேசிய ஒற்றை உள்நுழைவுச் சேவையைத் தொடங்கியது. டிஜிலாக்கர் கணக்கைக் கொண்டு வேறு அரசுத் தளங்களில் நுழைந்த வாசகர்கள், பெயரறியாமலே இம்முறையைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

பாதுகாப்புப் பயன்கள் ஐந்து

முதலாவது, கடவுச்சொற்களின் எண்ணிக்கை குறைகிறது. நாம் மேலே கண்ட நிறுவனத்தில் 40 கடவுச்சொற்கள் 8 ஆகிவிடும். ஒரே ஒரு கடவுச்சொல்லை நினைவிற்கொள்ள வேண்டியவர், அதை நீளமாகவும் வலுவாகவும் அமைத்துக்கொள்ள முடியும். பல இடங்களில் ஒரே சொல்லை வைத்திருப்பவருக்கு, ஏதோ ஒரு சிறிய தளத்தில் அது கசிந்தால் எல்லாக் கதவுகளும் திறந்துகொள்ளும். திருடர்கள் கசிந்த சொற்களை மற்றத் தளங்களில் வரிசையாக முயன்று பார்ப்பது வழக்கம். கடவுச்சொல் ஓரிடத்தில் மட்டும் இருக்கும்போது அந்த வழி அடைபடுகிறது.

இரண்டாவது, வலுவான காவலை ஓரிடத்தில் நிறுத்தினால் போதும். பழைய மென்பொருள்கள் பலவற்றில் ஓ.டி.பி. போன்ற இரண்டாம் சான்றுக்கு வசதியே இருக்காது. அவற்றுள் ஒற்றை உள்நுழைவோடு இணையக்கூடியவற்றை இணைத்து, தனி வழியை அடைத்துவிட்டால், பொது வாசலின் காவல் அவற்றுக்கும் கிடைத்துவிடும். அந்த வாசலில் கைரேகையாலோ பாதுகாப்புச் சாவியாலோ இயங்கும் 'பாஸ்கீ' முறையை வைத்தால் இன்னும் நன்று. பாஸ்கீ உண்மையான தள முகவரிக்கு மட்டுமே விடையளிக்கும். போலித் தளம் கண்ணை ஏமாற்றினாலும் அதனை ஏமாற்ற இயலாது.

மூன்றாவது, பணியிலிருந்து விலகுவோரின் அணுகல் ஒரே செயலில் முடிவுறுகிறது. ஒருவர் வேலையை விட்டுச் செல்லும் நாளில் ஐந்து மென்பொருள்களிலும் தனித்தனியே அவரை நீக்க வேண்டுமெனில், ஒன்றிரண்டு விடுபட்டே தீரும். ஒற்றை உள்நுழைவில் ஒரு கணக்கை முடக்கினால் இணைக்கப்பட்ட எல்லாக் கதவுகளும் மூடிக்கொள்ளும். ஏற்கெனவே வழங்கிய சீட்டுகளையும் அப்போதே செல்லாததாக்கிவிட வேண்டும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஓய்வு பெற்றார் என்ற செய்தி அடையாளச் சேவைக்குச் சென்று சேர்ந்தால்தான் அது கதவை மூடும். ஆகவே பணியாளர் பதிவேட்டோடு அதனை இணைக்க வேண்டும். சிறிய நிறுவனமாயின் கடைசிச் சம்பளத்தைக் கணக்கிடுபவரே கணக்கை முடக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். இந்த இணைப்பு இல்லாவிட்டால், வஞ்சியூரில் நிகழ்ந்தது ஒற்றை உள்நுழைவு உள்ள இடத்திலும் நிகழலாம்.

நான்காவது, பணிக்கு ஏற்ற அளவில் அணுகலை வரையறுக்க முடிகிறது. வங்கிகளில் கடன் பிரிவிலிருந்து பணப் பிரிவுக்கு மாறிய அலுவலர், பழைய பிரிவின் அதிகாரத்தைத் தம்மோடு எடுத்துச் செல்ல இயலாது. பொது நிறுவனங்களிலோ, பத்தாண்டு பணிபுரிந்தவரிடம் அவர் கடந்துவந்த எல்லாப் பிரிவுகளின் கடவுச்சொற்களும் சேர்ந்துவிடுகின்றன. 'விற்பனை', 'கணக்கு', 'கிடங்கு' எனக் குழுக்கள் அமைத்து, ஊழியரை ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழுவுக்கு மாற்றினால், பழைய அணுகல் நீங்கிப் புதியது தானே கிடைக்கும்.

ஐந்தாவது, யார் எப்போது எங்கிருந்து நுழைந்தார் என்ற பதிவு ஓரிடத்தில் கிடைக்கிறது. நள்ளிரவில் வேறு மாநிலத்திலிருந்து ஒரு கணக்கு திறக்கப்பட்டால் மறுநாட் காலையிலேனும் தெரியவரும். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையில், கணினிப் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்கவும், குறிப்பிட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பணித்துள்ளது. பதிவுகள் ஓரிடத்தில் திரண்டிருந்தால்தான் இது இயலும்.

இந்த ஐந்தாம் பயனில் ஊழியர்களின் நலமும் அடங்கியிருக்கிறது. ஒரே கடவுச்சொல்லை நால்வர் பயன்படுத்தும் அலுவலகத்தில் பணம் குறைந்தால், யாருடைய பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே முதலில் விடை கூற வேண்டியவர் ஆகிறார். அவர் அன்று ஊரிலேயே இல்லாதிருக்கலாம். நம்பிக்கையின் பேரில் கடவுச்சொல்லைத் தந்தவருக்கு அந்த நம்பிக்கையே பழியாக முடிகிறது. தனித்தனி அடையாளம் என்பது ஊழியரை ஐயுறுவதற்கான ஏற்பாடு என்று சிலர் வருந்துவதுண்டு. குற்றமற்றவரைக் காக்கும் சான்று அதுவே என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஒரே சாவி தொலைந்தால்?

எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவி என்றால், அது திருடு போகும் நாளில் எல்லாமே போகுமன்றோ என்ற ஐயம் நியாயமானது. இதற்கு மழுப்பலான விடை தருவது முறையாகாது. ஆம், ஒற்றை உள்நுழைவில் வாசற்காவல் தளர்ந்தால் இழப்பு பெரிது. ஆகவே இரண்டாம் சான்று இல்லாத ஒற்றை உள்நுழைவை ஏற்கவே கூடாது என்பது நம் உறுதியான கருத்து.

இரண்டாம் சான்றும் விழிப்போடு கையாளப்பட வேண்டும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர், ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கைபேசிக்கு நுழைவு ஒப்புதல் கோரிக்கைகளை மீண்டும் மீண்டும் அனுப்பினார். கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டார், கதவு திறந்தது. தாம் கேளாத ஒப்புதல் கோரிக்கை கைபேசியில் தோன்றினால், 'இல்லை' என்று மறுத்துவிட்டு உடனே பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். தொல்லை ஒழிந்தால் போதுமென ஏற்பது, கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் அயலாருக்குச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

அடையாளச் சேவை வழங்கும் நிறுவனங்களும் தாக்கப்படுவதுண்டு. 2023-இல் ஒக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு ஊடுருவப்பட்டது. அலுவலக மடிக்கணினியில் ஊழியர் ஒருவர் தம் சொந்த கூகுள் கணக்கில் நுழைந்திருந்ததும், அலுவலகக் கணக்கொன்றின் கடவுச்சொல் அதில் சேமிக்கப்பட்டிருந்ததும் காரணம் என அந்நிறுவனமே தெரிவித்தது. அலுவலகச் சாவியை வீட்டுச் சாவிக்கொத்தில் கோக்கலாகாது என்பதே இதன் பாடம்.

மேலும், ஒருமுறை நுழைந்தபின் எல்லா மென்பொருளும் திறந்திருப்பதால், திரையை அப்படியே விட்டுத் தேநீர் அருந்தச் செல்வது முன்னைவிட ஆபத்தானது. விண்டோஸ் கணினியில், விண்டோஸ் பொத்தானையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். எழுந்திருக்கும்போது கை தானாக அங்குச் செல்ல வேண்டும்.

சிறிய அலுவலகங்கள் செய்யத்தக்கவை

1. முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நிறுவனம் பயன்படுத்தும் மென்பொருள்கள், தளங்கள் அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றிலும் நுழையக்கூடியவர்களின் பெயர்களைக் குறியுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுத வேண்டா. விலகிச் சென்றவர்களின் பெயர் தென்பட்டால் அன்றே நீக்குங்கள். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

2. கூகுள், மைக்ரோசாஃப்ட், நம் ஸோஹோ முதலிய நிறுவனங்களின் அலுவலகத் தொகுப்புகளைப் பயன்படுத்துவோர், அவற்றோடு கிடைக்கும் ஒற்றை உள்நுழைவு வசதியைக் கேட்டறியுங்கள். புதிய மென்பொருள் வாங்கும்போதும் அது இந்த வசதியோடு இணையுமா என்று வினவுங்கள்.

3. இணைத்தபின், அந்த மென்பொருள்களில் முன்பிருந்த தனிக் கடவுச்சொல் வழியை அடைத்துவிடுங்கள். முன்வாசலில் காவல் நிறுத்திவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தல் பயனற்றது.

4. நிர்வாகப் பொறுப்பில் இருவரை அமர்த்துங்கள். ஒருவர் கைபேசி தொலைந்தாலும் மற்றவர் கதவைத் திறக்க இயலும். அவசரக் காலத்துக்கான மீட்புக் குறியீட்டை முத்திரையிட்ட உறையில் பெட்டகத்தில் வையுங்கள்.

5. ஜி.எஸ்.டி. போன்ற அரசுத் தளங்கள் உங்கள் ஒற்றை உள்நுழைவோடு இணையா. இ-வே பில் தளத்தில் ஊழியர்களுக்குத் துணைப் பயனர் கணக்குகள் உருவாக்கும் வசதி உண்டு. முதன்மைக் கடவுச்சொல்லைப் பகிர்வதைத் தவிர்த்து அதனைப் பயன்படுத்துங்கள். ஊழியர் விலகினால் அக்கணக்கை முடக்கவும் மறவாதீர்கள்.

6. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பணியாளர் பட்டியலையும் பயனர் பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

வங்கிக் கணக்கின் சாவி

நிறுவனக் கணக்கின் இணைய வங்கிச் சேவையை அலுவலகத்தின் மற்ற மென்பொருள்களோடு சேர்க்காமல் தனியே வைத்திருங்கள். அதில் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் அளிப்பவர் மற்றொருவர் என இரண்டு பயனர்களை அமைக்கலாம். பெட்டக அறையின் இரண்டு சாவிகளுக்குரிய அதே நெறிதான் இது. இருவரின் கடவுச்சொல்லும் ஒருவரிடமே இருந்தால் அந்த நெறி பெயரளவில் மட்டுமே நிற்கும். பயனராகவோ கையொப்பதாரராகவோ இருந்த ஊழியர் விலகும் நாளிலேயே கிளைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

பாரத ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி நிகழும் மின்னணுப் பரிமாற்றங்களில் யாருடைய பொறுப்பு எவ்வளவு என்பதை வகுத்துக் கூறியது. கடவுச்சொல் போன்ற விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் இழப்பு ஏற்பட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் அவரையே சாரும் என்பது அதன் நெறி. தெரிவித்தபின் நிகழும் இழப்பை வங்கி ஏற்கும். ஆகவே ஐயம் எழுந்த நொடியிலேயே கிளைக்கும், 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவித்தல் இன்றியமையாதது.

ஒற்றை உள்நுழைவைப் பலரும் வசதிக்காக வரவேற்கின்றனர். காலையில் ஒருமுறை நுழைந்தால் போதும் என்பது இனிய வசதிதான். எனினும் மாலையில் ஒருவர் பணியை விட்டு நீங்கும்போது எல்லாக் கதவுகளும் அவருக்குப் பின்னே மூடிக்கொள்கின்றன என்பதில்தான் அதன் பெருமதிப்பு அடங்கியுள்ளது. இந்த வாரமே உங்கள் அலுவலகத்தின் பயனர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உங்களிடம் இப்போது சம்பளம் பெறாத ஒருவரின் பெயராவது அதில் இருந்தால், அதை நீக்குவதிலிருந்து தொடங்குங்கள்.